யாருடைய இழப்பு பெரிது? பாதியில் நின்ற ஐந்து ஹெவிவெயிட் வீரர்கள்

ஹெவிவெயிட் எனப்படும் மிகக் கூடிய எடைப் பிரிவுக் குத்துச்சண்டையில் பிறவித் திறமையைக் கோட்டைவிட்டவர் யார் என்று கேட்டால், பெரும்பாலோர் மைக் டைசன் பெயரைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1986 நவம்பர் 22 அன்று ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாவது சுற்றில் வீழ்த்தியபோது டைசனுக்கு வயது 20. அவ்வளவு இளம் வயதில் ஹெவிவெயிட் உலகப் பட்டம் வென்றவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடுத்த ஆண்டே, வெவ்வேறு அமைப்புகள் தரும் மூன்று உலகப் பட்டங்களும் அவர் கைக்கு வந்தன. 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடிகளில் முடித்தார். பிறகு சரிந்தார், சிறைக்குப் போனார், எல்லாம் உண்மை. ஆனாலும் அவரிடம் என்ன இருந்தது என்பதை உலகம் கண்ணாரப் பார்த்துவிட்டது. பாதியிலேயே நின்றுபோனவர்களின் வரிசையில் அவரைச் சேர்ப்பது, உண்மையிலேயே பாதியில் நின்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அந்த வரிசையில் ஒரே ஒருவருக்குத்தான் முதலிடம் என்றால் யாருக்குக் கொடுப்பது? பல ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு மாற்றி மாற்றி விடை சொல்லிவந்திருக்கிறேன். இப்போது என் முன்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள்: பஸ்டர் டக்ளஸ், ஐக் இபியாபுச்சி, கிரெக் பேஜ், டிம் விதர்ஸ்பூன், ரிடிக் போவ். இவர்களை இரண்டு அளவுகோல்களால் அளந்து பார்க்கிறேன். ஒன்று, அந்தத் திறமை நல்ல எதிராளியின் முன்னால், வளையத்துக்குள் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சிக்கூடக் கதைகள் போதாது. இன்னொன்று, அது எதனால் நின்றது என்று பார்க்க வேண்டும். அவராகவே கைவிட்டாரா, பிறர் பறித்தார்களா, நோய் தடுத்ததா? இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. தொங்கும் வயிற்றைப் பார்த்ததும் சோம்பேறி என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல்லின் மீதுதான் எனக்குக் கோபம்.

நீண்ட நாள் என் விடை பஸ்டர் டக்ளஸ்தான். 1990 பிப்ரவரி 11, டோக்கியோ டோம். டைசனின் வெற்றி அவ்வளவு உறுதி என்று நம்பப்பட்டதால், டக்ளஸ் பக்கம் பணம் கட்டினால் ஒன்றுக்கு 42 என்றது பந்தயக் கணக்கு. 23 நாட்களுக்கு முன்புதான் டக்ளஸின் தாய் இறந்திருந்தார். அன்று அவர் இடது கையை நீட்டிப் போட்ட ஜாப் ஒவ்வொன்றும் டைசனின் முகத்தில் ஆணி அடித்தாற்போல இறங்கியது. சுற்றுக்குச் சுற்று டைசனின் இடது கண் வீங்கிக்கொண்டே போனது. வீக்கத்தை அழுத்தி இறக்கும் குளிர்ந்த இரும்பைக்கூட டைசனின் ஆட்கள் கொண்டுவந்திருக்கவில்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பிக் கண்ணில் ஒற்றினார்கள். எட்டாவது சுற்றின் முடிவில் டக்ளஸ் தரையில் விழுந்து எழுந்தார். பத்தாவது சுற்றில், கீழிருந்து மேலாக ஏறிய ஒரு அப்பர்கட், தொடர்ந்து நான்கு குத்துகள். விழுந்த டைசன் முட்டி போட்டபடி தரையைத் துழாவிப் பல் காப்பைத் தேடினார். கிடைத்ததை எடுத்து அதன் ஓரத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு எழ முயன்றார். நடுவர் அவரைக் கட்டிப்பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார்.

இப்படி ஆடத் தெரிந்தவர் அதற்கு முன் எங்கே இருந்தார்? 1987 மே மாதம் டோனி டக்கருக்கு எதிராக, காலியாக இருந்த பட்டத்துக்கான ஆட்டத்தில் நன்றாகவே ஆடிவந்தார். பத்தாவது சுற்றில் அடி விழத் தொடங்கியதும் உள்ளே எதையோ இறக்கிவைத்தவர்போல நின்றுவிட்டார். டைசனை வென்ற எட்டாவது மாதம், லாஸ் வேகாஸில் இவாண்டர் ஹோலிஃபீல்டை எதிர்த்து ஏறியபோது அவர் எடை 246 பவுண்டு. டோக்கியோவில் இருந்ததைவிட ஏறக்குறைய 15 பவுண்டு கூடுதல். மூன்றாவது சுற்றில் மல்லாந்து விழுந்தார். அவருடைய தந்தை பில்லி டக்ளஸும் குத்துச்சண்டை வீரர், ஓயாமல் மோதும் முரட்டு ஆட்டக்காரர். மகனுக்கு அந்த மோகம் வாய்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கைகளுக்குத் தெரிந்த தொழிலில் மனம் ஒட்டவில்லை. அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது போகட்டும், முதலிடத்தை ஏன் கொடுக்கவில்லை என்றால், டக்ளஸிடம் இருந்தது மொத்தமும் ஒரே இரவில் வெளியே வந்துவிட்டது. அந்த ஒரு இரவுக்காவது அவர் நிறைவேறியவர். மற்ற நால்வருக்கும் அப்படி ஓர் இரவைச் சொல்ல முடியுமா என்று பார்ப்போம்.

நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஐக் இபியாபுச்சி 20 ஆட்டங்கள் ஆடினார், இருபதிலும் வென்றார். அவற்றில் இரண்டு போதும் அவரை அறிய. 1997 ஜூன் 7 அன்று சாக்ரமென்டோவில் டேவிட் டுவாவுடன் மோதினார். டுவாவும் அதுவரை தோற்றதில்லை. 12 சுற்றுகளில் இருவரும் சேர்ந்து வீசிய குத்துகள் 1,730. ஹெவிவெயிட் ஆட்டங்களில் அதுவரை எண்ணப்பட்டவற்றிலேயே அதுதான் அதிகம். அதில் பாதிக்கும் மேல் இபியாபுச்சி வீசியவை. பெரிய உடம்புக்காரர்கள் ஆறு சுற்றுக்குப் பிறகு மூச்சு வாங்கிக் கட்டிப்பிடித்து நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நம்ப முடியாத காட்சி. 1999 மார்ச்சில் கிறிஸ் பர்டை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தினார். பர்ட் இடது கை ஆட்டக்காரர், விலாங்குபோல நழுவுபவர், பின்னாளில் ஹோலிஃபீல்டை வென்று உலகப் பட்டம் பெற்றவர்.

அத்துடன் சரி. டுவா ஆட்டம் நடந்த அதே ஆண்டில், முன்னாள் காதலியின் மகனைக் காரில் கடத்திப்போய்த் தூணில் மோதினார். அந்தச் சிறுவன் படுகாயமடைந்தான். 1999 ஜூலையில் லாஸ் வேகாஸ் ஹோட்டல் அறையில் ஒரு பெண்ணைத் தாக்கியதாகக் கைதானார். பல ஆண்டுகள் சிறை. இருமுனை மனநோய் இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். குத்துச்சண்டை ரசிகர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது, அந்தக் காலத்தின் பெரிய வீரரான லெனாக்ஸ் லூயிஸுடன் மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆசையோடு பேசுவார்கள். அந்தச் சிறுவனையும் அந்தப் பெண்ணையும் மறந்துவிட்டு அந்தப் பேச்சைப் பேச என்னால் முடியவில்லை. நோய் தின்ற திறமையைச் சோம்பலால் போன திறமையோடு ஒரே தட்டில் வைத்து நிறுக்கவும் முடியவில்லை. இபியாபுச்சியை வேறு வரிசைக்கு அனுப்பிவிடுகிறேன்.

அடுத்த இருவரைப் பற்றிப் பேசுமுன் அவர்களுடைய காலத்தைச் சொல்ல வேண்டும். அலிக்குப் பிறகு நெடுநாள் உலகப் பட்டம் வைத்திருந்த லாரி ஹோம்ஸ் உச்சத்தில் இருந்த ஆண்டுகளுக்கும் டைசன் வந்த ஆண்டுகளுக்கும் இடையில் ஒரு கூட்டமே வந்து கரைந்துபோனது. மைக்கேல் டோக்ஸ் மின்னல் கை கொண்டவர், கொக்கெயினில் அழிந்தார். பிங்க்லன் தாமஸ் சிறுவயதிலேயே ஹெராயினில் விழுந்து எழுந்தவர். அவருடைய ஜாப்பைப் போல ஒன்றை அந்தக் காலத்தில் வேறு யாரும் போடவில்லை. டோனி டப்ஸ் அந்தப் பருத்த உடம்போடு பூனைபோல நடப்பார். பட்டம் இவர்களுக்குள் கைமாறிக்கொண்டே இருந்தது. எவரிடமும் ஓர் ஆண்டுகூட நிலைத்தால் பெரிது. இவர்களில் பலருடைய ஆட்டங்களை நடத்தியவர் டான் கிங்.

கிரெக் பேஜ் முகமது அலியின் ஊரான லூயிவில்லில் பிறந்தவர். பதின்ம வயதில் அலியோடு பயிற்சிச் சண்டை ஆடியவர். அடுத்த அலி என்று ஊரே சொன்னது. அந்தப் பாரத்தை எந்தத் தோளும் தாங்காது. அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் தோற்ற பிறகு, 1984 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் கெரி கோட்ஸீயை எட்டாவது சுற்றில் வீழ்த்திப் பட்டம் வென்றார். ஐந்து மாதத்தில் டப்ஸிடம் இழந்தார். 1990 ஜனவரியில், டக்ளஸ் ஆட்டத்துக்காக டோக்கியோவில் பயிற்சி செய்துகொண்டிருந்த டைசனைப் பயிற்சிச் சண்டையில் கீழே தள்ளியவர் இவர்தான். உலகம் அதைச் செய்தியாகப் படித்துவிட்டு மறந்தது.

2001 மார்ச் 9 அன்று கென்டக்கி மாநிலத்தின் எர்லாங்கர் என்ற ஊரில் 42 வயதுப் பேஜ் 1,500 டாலருக்கு மேடை ஏறினார். பத்தாவது சுற்றில் விழுந்தார். அரங்கில் ஆம்புலன்ஸ் இல்லை, ஆக்சிஜன் இல்லை. மூளையில் ரத்தக்கசிவு, அறுவை சிகிச்சையின்போது பக்கவாதம், இடது பக்கம் செயலிழந்தது. மாநில அரசு மீது தொடுத்த வழக்கு 2007-இல் 12 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது. குத்துச்சண்டை அரங்குகளில் மருத்துவ ஏற்பாடுகளுக்கான விதிகளும் கடுமையாயின. 2009 ஏப்ரலில் தன் வீட்டுப் படுக்கையிலிருந்து சரிந்து, எழ முடியாமல் மூச்சுத் திணறி இறந்தார். வயது 50. இந்த ஐவரில் என் மனம் அதிகம் கனப்பது பேஜுக்காகத்தான். என்றாலும் முதல் அளவுகோலில் அவர் தேறவில்லை. உச்சத்தை அவர் காட்டவே இல்லை, ஆங்காங்கே சில சுற்றுகளில் அதன் நிழல் தெரிந்தது.

டிம் விதர்ஸ்பூன் விஷயம் வேறு. ஃபிலடெல்ஃபியாக்காரர். அமெச்சூர் ஆட்டங்கள் அதிகம் ஆடாதவர். 1980-இல் ஹோம்ஸ் ஆட்டத்துக்காக அலி பயிற்சி செய்தபோது அவருக்கு எதிரே நின்று பழக்கியவர். 1983 மே 20 அன்று, வெறும் 15 ஆட்ட அனுபவத்தோடு, அதே ஹோம்ஸை எதிர்த்து ஏறினார். ஒன்பதாவது சுற்றில் அவருடைய வலது கை மேலிருந்து வளைந்து இறங்கியபோது ஹோம்ஸின் கால்கள் தள்ளாடின. புள்ளி போடும் நடுவர்களில் இருவர் ஹோம்ஸுக்கு, ஒருவர் விதர்ஸ்பூனுக்கு. அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அவரைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டார்கள். ஹோம்ஸின் ஜாப்பை வலது உள்ளங்கையால் ஏந்தித் தட்டிவிட்டு, அதே கை திரும்பும் வேகத்தில் குத்துவதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பல்லாண்டு பழகியவர்களுக்கே கைவரும் வித்தை அது.

1984-இல் பேஜை வென்று பட்டம், ஐந்து மாதத்தில் தாமஸிடம் இழப்பு. 1986 ஜனவரியில் டப்ஸை வென்று இன்னொரு பட்டம். அந்த ஆண்டு ஜூலையில் லண்டன் வெம்ப்லி மைதானத்தில், கூட்டம் முழுக்க எதிர்ப்பக்கம் நிற்க, ஃபிராங்க் புரூனோவைப் பதினோராவது சுற்றில் சாய்த்தார். உலகப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டவருக்கு எல்லாக் கழிவும் போகக் கையில் வந்தது ஏறக்குறைய 90,000 டாலர். தோற்றவருக்கு அதைப்போலப் பல மடங்கு. போட்டியை அமெரிக்கத் தரப்பில் நடத்தியவர் டான் கிங். விதர்ஸ்பூனின் மேலாளர் டான் கிங்கின் வளர்ப்பு மகன் கார்ல் கிங். ஆட்டக்காரருக்காகப் பேரம் பேச வேண்டியவரும் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பேரம் பேசுபவரும் ஒரே வீட்டுக்காரர்கள். வீரரின் வருமானத்தில் பாதி மேலாளருக்குப் போனது.

இதற்குப் பிறகு யாருக்குப் பயிற்சியில் மனம் போகும்? 1986 டிசம்பர் 12 அன்று நியூயார்க்கில், முந்தைய ஆண்டு தான் எளிதாக வென்ற ஜேம்ஸ் ஸ்மித்திடம் முதல் சுற்றிலேயே மூன்று முறை விழுந்து பட்டத்தை இழந்தார். வழக்குத் தொடுத்து, ஆண்டுக்கணக்கில் போராடி, 1990-களில் ஒரு சமரசத் தொகை பெற்றார். அதற்குள் வயது ஏறிவிட்டது. 2003 வரை ஆடிக்கொண்டிருந்தார் என்பதே அவருக்கு இந்தத் தொழில் மீது இருந்த ஆசைக்குச் சாட்சி. போதைப் பழக்கம், பயிற்சியில் அசட்டை, இவை அவரிடம் இல்லாமல் இல்லை. டப்ஸ் ஆட்டத்துக்குப் பிந்தைய சோதனையில் கஞ்சா கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் எது முந்தியது என்று கேட்க வேண்டும். உழைத்தாலும் கூலி வராது என்று தெரிந்துகொண்டவரின் தளர்ச்சியைப் பிறவிச் சோம்பல் என்று பெயரிட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். விதர்ஸ்பூன் வீணாக்கியவர் அல்ல, வீணாக்கப்பட்டவர். கேள்வியை அப்படிக் கேட்டால் என் வாக்கு தயங்காமல் அவருக்கே.

ஆனால் நான் எடுத்துக்கொண்ட கேள்வி, கையில் எல்லாமே இருந்தும் நழுவவிட்டவர் யார் என்பது. அங்கேதான் ரிடிக் போவ் வருகிறார்.

நியூயார்க்கின் பிரவுன்ஸ்வில், டைசன் வளர்ந்த அதே பகுதி. வீட்டில் 13 பிள்ளைகள். இரவு வேலை பார்க்கும் தாயை வழித்துணையாக வீட்டுக்கு அழைத்துவருவாராம். உயரம் 6 அடி 5 அங்குலம். 1988 சியோல் ஒலிம்பிக்கின் இறுதியில் லெனாக்ஸ் லூயிஸிடம் இரண்டாவது சுற்றில் தோற்று வெள்ளி பெற்றார். மனத்திடம் இல்லாதவன் என்று அன்றே முத்திரை குத்தப்பட்டது. அவரை ஏற்றுக்கொள்ளப் பெரிய பயிற்சியாளர்கள் யோசித்த நேரத்தில் முன்வந்தவர் எடி ஃபட்ச். அப்போது எழுபதைத் தாண்டிய முதியவர். 1975-இல் மணிலாவில் அலியுடன் நடந்த ஆட்டத்தில், கண் தெரியாமல் வீங்கிப்போன ஜோ ஃபிரேசியரை பதினைந்தாவது சுற்றுக்கு அனுப்ப மறுத்து ஆட்டத்தை நிறுத்திய அதே ஃபட்ச்.

ஃபட்ச் வைத்த தேர்வு எனக்கு மிகவும் பிடித்தது. தான் ஊரில் இருக்க மாட்டேன், நீயே காலையில் ஓடிக்கொள் என்று போவிடம் சொல்லிவிட்டு, விடியுமுன் வந்து ஓடும் பாதையோரம் மறைந்து நின்றார். மேட்டுப் பாதையில், யாரும் பார்க்காத அந்த இருட்டில், போவ் தனியாக ஓடிவந்தார். அதன் பிறகுதான் கிழவர் அவரைச் சீடனாக ஏற்றார்.

அந்த ஓட்டத்தின் பலன் 1992 நவம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் தெரிந்தது. எதிரே தோல்வியறியாத ஹோலிஃபீல்ட். அவ்வளவு உயரமானவர்கள் பொதுவாக நீண்ட கையை நம்பித் தள்ளி நின்று ஆடுவார்கள். போவ் நெற்றியோடு நெற்றி ஒட்டி நின்று, முழங்கையை விலாவோடு சேர்த்துக்கொண்டு, ஒரு சாண் தூரத்தில் அப்பர்கட்டை ஏற்றினார். அந்த உடம்புக்கு அந்த நெருக்கச் சண்டை வாய்த்தது அபூர்வம். அவருக்கு முன் அதை அப்படிச் செய்த ஒருவரை நான் பார்த்ததில்லை. பத்தாவது சுற்றின் தொடக்கத்தில் ஹோலிஃபீல்டின் தாடை மேலே எகிறியது. ஒரு நிமிடத்துக்கும் மேல் போவ் அவரை வளையத்தைச் சுற்றி அடித்துத் துரத்தினார். ஹோலிஃபீல்ட் விழவில்லை. சுற்று முடியும்போது அவர் திருப்பி அடித்துக்கொண்டிருந்தார். பதினோராவது சுற்றில் விழுந்தார், எழுந்தார். மூன்று நடுவர்களும் போவுக்கே கொடுத்தார்கள். மூன்று பட்டங்கள், 25 வயது, மூத்த பயிற்சியாளர், கைநிறையப் பணம். விதர்ஸ்பூனுக்கு மறுக்கப்பட்ட ஒவ்வொன்றும் போவுக்குக் கிடைத்தது.

அடுத்த மாதமே லண்டனில் பத்திரிகையாளர்கள் முன்னால், லூயிஸுடன் கட்டாயம் மோத வேண்டும் என்று சொன்ன அமைப்பின் பட்டத்துக்கான பெல்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு உலகம் சுற்றினார், போப்பைச் சந்தித்தார். பட்டத்தைக் காக்க அவர் தேர்ந்துகொண்ட முதல் எதிராளி, கொக்கெயினில் உருக்குலைந்து வந்த மைக்கேல் டோக்ஸ். நியூயார்க்கில் முதல் சுற்றிலேயே முடிந்துவிட்ட அந்த ஆட்டத்தில் வெற்றி பெற்றவரின் இடுப்பை நான் கவனித்தேன். சதை போடத் தொடங்கியிருந்தது. போன தலைமுறையின் இழப்பு தரையில் கிடக்க, இந்தத் தலைமுறையின் இழப்பு அதற்கு மேலே நின்று கையைத் தூக்கியது.

1993 நவம்பரில் ஹோலிஃபீல்டிடம் பட்டத்தை இழந்தார். 1995-இல் அவரையே எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். 1996 ஜூலையில் 252 பவுண்டு எடையோடு ஆண்ட்ரூ கோலோட்டாவிடம் அடி வாங்கினார். கோலோட்டா இடுப்புக்குக் கீழே குத்திக்கொண்டே இருந்து தகுதியிழந்ததால் வெற்றி போவுக்கு வந்தது, அரங்கில் கலவரம் வெடித்தது. அந்த ஆட்டத்தோடு ஃபட்ச் விலகிவிட்டார். டிசம்பரில் நடந்த மறு ஆட்டமும் அதேபோல முடிந்தது. ஆனால் அதில் வாங்கிய அடி போவின் பேச்சையே குழறவைத்தது. 29 வயதில் ஓய்வு. ராணுவத்தின் மரைன் படையில் சேர்ந்து சில நாட்களிலேயே திரும்பினார். 1998-இல் பிரிந்து வாழ்ந்த மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் கடத்திப்போய்ச் சிறை சென்றார். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் அவர் தரப்பு வாதிட்டது.

43 வெற்றி, 1 தோல்வி. கணக்கை மட்டும் பார்த்தால் இவரை இந்த வரிசையில் ஏன் நிறுத்துகிறேன் என்று கேட்கத் தோன்றும். லூயிஸுடன் ஓர் ஆட்டம்கூட இல்லை, டைசனுடன் இல்லை. லூயிஸ், டைசன், ஹோலிஃபீல்ட், போவ் என்ற அந்தக் காலத்தின் நால்வரில் ஹோலிஃபீல்ட் ஒருவரைத்தான் அவர் சந்தித்தார். இருந்த உயரத்துக்கும் நின்ற இடத்துக்கும் உள்ள தூரம் அவரிடத்தில்தான் மிக அதிகம். அந்தத் தூரத்துக்கு வேறு யாரையும் பொறுப்பாக்க என்னால் முடியவில்லை. முதலிடம் போவுக்கு.

இதைப் படிப்பவர் நேரில் பார்த்து முடிவு செய்ய விரும்பினால், விதர்ஸ்பூனும் ஹோம்ஸும் மோதிய 1983 ஆட்டத்தை முதலில் பாருங்கள். அதன் பிறகு என் தீர்ப்பை மாற்றத் தோன்றினால் நான் சண்டைக்கு வர மாட்டேன். டக்ளஸ் ஆட்டம் எல்லோரும் பார்த்ததுதான், கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். போவுக்கு இரண்டு ஆட்டங்களை அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்: 1992, 1993, இரண்டிலும் எதிரே ஹோலிஃபீல்ட். இரண்டாவது ஆட்டத்தின் ஏழாவது சுற்றில் பாராசூட் கட்டிய ஒருவர் வானத்திலிருந்து வந்து வளையக் கயிற்றில் விழுவார், ஆட்டம் 20 நிமிடத்துக்கு மேல் நிற்கும், கர்ப்பிணியான போவின் மனைவி மயங்கிவிழ மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். நீங்கள் தொடக்கத்தில் திரையில் வரும் எடையைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் போவ் 235 பவுண்டு, இரண்டாவதில் 246. தோல்வியை முடிவு செய்த மூன்று நடுவர்களில் ஒருவர் சமன் என்றார், ஒருவர் ஒரு புள்ளி வித்தியாசம் கொடுத்தார், இன்னொருவர் இரண்டு.